மூளைப் புற்றுநோய்: சோற்றை நிறுத்தினால் கட்டி அடங்குமா?

வானதி:
அப்பாவுக்கு க்ளையோபிளாஸ்டோமா, வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி. ஆபரேஷன் முடிந்து கதிர்வீச்சு நான்காவது வாரம், கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. சர்க்கரைதான் கட்டிக்குத் தீனி என்று தம்பி சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். முட்டை, சீஸ், தேங்காய் எண்ணெய்தான். அதோடு வைட்டமின் ஈ, செலினியம் மாத்திரைகள். நாலு கிலோ இறங்கிவிட்டார். நேற்று ராத்திரி அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். தம்பி செய்வது சரியா?

கதிரவன்:
சரிதான் அக்கா. புற்றுச் செல் குளுக்கோஸை அள்ளி விழுங்குகிறது என்று ஜெர்மன் விஞ்ஞானி வார்பர்க் 1920களிலேயே காட்டிவிட்டார். 1995இல் மூளைக்கட்டி இருந்த இரண்டு சிறுமிகளுக்குக் கீட்டோ உணவு கொடுத்தார்கள், அதாவது மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவு. செல்கள் எவ்வளவு குளுக்கோஸ் இழுக்கின்றன என்று காட்டும் பெட் ஸ்கேனில் கட்டி இழுக்கும் குளுக்கோஸ் சுமார் 22 சதவீதம் குறைந்திருந்தது.

செல்வி (உணவியலாளர்):
கதிரவன், அது இரண்டே பேர். 2014இல் ஜெர்மனியில் எர்கோ ஆய்வு, நோய் திரும்பி வந்த 20 பேருக்குக் கீட்டோ உணவு கொடுத்துப் பார்த்தார்கள். உணவு மட்டும் கட்டியை நிறுத்தவில்லை. 2020இல் 50 பேரை வைத்து, மறு கதிர்வீச்சோடு கீட்டோவும் உண்ணாநோன்பும் சேர்த்துப் பார்த்தார்கள். நோய் முற்றாமல் இருந்த காலத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. சோற்றை நிறுத்தினாலும் ஈரல் சர்க்கரையைத் தானே செய்துகொள்ளும். கட்டி குளுட்டமைன் என்ற அமினோ அமிலத்தையும் எரிக்கும்.

கதிரவன்:
அதே 2020 ஆய்வில் சர்க்கரை நன்றாக இறங்கியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிடும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?

செல்வி:
சும்மா இருக்கச் சொல்லவில்லை. சர்க்கரையைப் பார்க்கத்தான் வேண்டும், தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும். ஆனால் உடம்பில் தெம்பு இருந்தவர்களுக்குத்தான் சர்க்கரை இறங்கியதோ என்னவோ, அந்தக் கணக்கு உணவால்தான் என்று நிரூபிக்காது. வானதி, எனக்குப் பெரிய கவலை அந்த வைட்டமின் ஈ, செலினியம் மாத்திரைகள். கதிர்வீச்சு செல்லைக் கொல்வதில் பெரும்பங்கு ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, செல்லைச் சிதைக்கும் மூலக்கூறுகளுக்கு. வைட்டமின் ஈ அவற்றைத்தான் அணைக்கிறது. கட்டிக்கே காவல் போட்டதாக ஆகிவிடக் கூடாது. சத்துதானே, கெடுக்காது என்று நினைக்காதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று கூடியது. அமெரிக்காவின் செலக்ட் ஆய்வில் வைட்டமின் ஈ சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியது. குறை இருக்கிறதென்று ரத்தப் பரிசோதனை சொன்னால் மட்டும் கொடுக்கலாம், அதுவும் கதிர்வீச்சு டாக்டரிடம் கேட்டுவிட்டு.

கதிரவன்:
வைட்டமின், செலினியம் மாத்திரை விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை, நிறுத்திவிடுங்கள் அக்கா. ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செல்வி:
அதை நானும் விடவில்லை. எடை இப்படி இறங்கினால் மீதிச் சிகிச்சையை எந்த உடம்பு தாங்கும்? அதைச் சொல்லுங்கள்.

வானதி:
வைட்டமின், செலினியம் மாத்திரை டப்பாவை டாக்டர் மேசையிலேயே வைத்துவிட்டோம். வீட்டில் வாரம் இருமுறை சர்க்கரை பார்க்கச் சொன்னார். மதியம் ரசம் சாதம் பிசைந்து, கூட இரண்டு முட்டை வைத்தேன். பாதி சாப்பிட்டார். தம்பி இன்னும் என்னோடு பேசவில்லை.