ஈப்போவில் ஏடிஆர், பங்கோரில் டேஷ் 7: சின்ன விமானம் ஏன் குறைந்தது?

சுங்கை சிப்புட்:
பங்கோர் தீவுக்கு டேஷ் 7 என்ற சின்ன விசிறி விமானம் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஈப்போவிலும் ஏடிஆர் என்ற விசிறி விமானம் முன்பு மாதிரி இல்லை. "ஆள் ஏறவில்லை, நிறுத்திவிட்டார்கள்" என்று தோட்டத்துச் சனங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள். கதை வேண்டாம், கணக்கு வேண்டும்.

ஈப்போ, தரைப்பணி:
ஏடிஆர் 72இல் ஏபியூ, அதாவது தரையில் நிற்கும்போது மின்சாரம் தரும் சின்னத் துணை எஞ்சின், கிடையாது. நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் வேண்டுமானால் வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, விசிறியை மட்டும் பிரேக் போட்டுப் பிடிப்பார்கள். ஹோட்டல் மோட் என்பது இதுதான். ஜெனரேட்டர் வண்டி இல்லாத சின்ன நிலையத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் நிற்கும் நேரமெல்லாம் எண்ணெய் எரியும், பின்காற்று அடித்தால் புகை நாற்றம் உள்ளே வரும்.

அடுத்தது வால். ஆள் ஏறும் கதவு பின்னால், சாமான் கதவு முன்னால். முன்சாமானை முதலில் இறக்கி, ஆட்கள் பின்கதவு அருகே கூடி நின்றால் மூக்கு தூக்கி வால் தரையில் இடிக்கும். அதற்காகத்தான் வாலுக்கு அடியில் முட்டுக்கட்டை. நகரும் முன் அதை எடுத்தாயிற்றா என்று கண்ணால் பார்க்க வேண்டும், வாய்ச்சொல் போதாது.

சுபாங், பராமரிப்பு:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேருங்கள். சக்கரக் கால்களுக்கும் எஞ்சினுக்குள் சுழலும் தட்டுகளுக்கும் ஆயுளை எண்ணுவது ஏறி இறங்கிய தடவையை வைத்து. நாற்பது நிமிடம் பறந்தாலும் ஒரு தடவை, ஒன்றரை மணி பறந்தாலும் ஒரு தடவை. குறுகிய வழியில் டிக்கெட் மலிவு, தேய்மானம் அதே. கிராமத்து வழியை முதலில் கொல்வது இதுதான்.

வாடகை, உதிரிபாகம் இரண்டும் அமெரிக்க டாலரில். 1998 முதல் 2005 வரை ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டி வைத்திருந்தார்கள். 2016 கடைசியில் அது 4.40ஐத் தாண்டியது. டிக்கெட் விலையை அந்த வேகத்தில் ஏற்றினால் ஏறுகிற ஆளும் இறங்கிவிடுவார்.

சுங்கை சிப்புட்:
சாலையையும் ரயிலையும் மறக்கக் கூடாது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுதாகத் திறந்தது. ஈடிஎஸ் மின்ரயில் 2010 ஆகஸ்டில் ஈப்போவிலிருந்து ஓட ஆரம்பித்து, 2015இல் பாடாங் பெசார் வரை போனது. இப்போது நம் ஊர் நிலையத்திலேயே ஏறி மூன்று மணி நேரத்துக்குள் கோலாலம்பூர் நடுவில் இறங்கலாம். விமானம் என்றால் ஈப்போ போக வேண்டும், ஒரு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும், சுபாங் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர வேண்டும். சிங்கப்பூர் மாதிரி தூர வழிக்கு ஏ320 என்ற பெரிய ஜெட் வந்துவிட்டது. நடுவில் நின்ற ஏடிஆருக்கு இரண்டு பக்கமும் இடி.

சித்தியவான்:
பங்கோர் கதை வேறு. அங்கே ஓடுதளம் குட்டை, ஏடிஆர் 72 இறங்காது. டேஷ் 7க்கு நான்கு எஞ்சின், ஐம்பது இருக்கை, குட்டைத் தளத்துக்கென்றே செய்தது. உலகத்திலேயே 113தான் செய்தார்கள், 1988இல் உற்பத்தி நின்றது. பழைய விமானத்தைப் பிரித்துத்தான் பாகம் எடுக்க வேண்டிய நிலை. 2022 ஜனவரியில் சுபாங்கிலிருந்து ட்வின் ஓட்டர் என்ற குட்டி விமானம் வந்தது, 19 இருக்கை. அதற்கும் இரண்டு விமானி வேண்டும், ஏடிஆருக்கும் இரண்டுதான். அந்தச் சம்பளத்தை 19ஆல் வகுத்துப் பாருங்கள்.

800 மீட்டரில் இறங்கக்கூடிய ஏடிஆர் 42-600எஸ் வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம். 2024 நவம்பரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். சின்ன விமானம் செய்த ஃபோக்கர் கம்பெனி 1996இல் திவால், சாப் கம்பெனி 1999இல் உற்பத்தி நிறுத்தம். வாங்கப் பணம் இருந்தாலும் வாங்கப் பொருள் இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மிரி:
இங்கே நிலைமை தலைகீழ். சரவாக் மலைமேட்டு ஊரான பாரியோவுக்குச் சாலை என்றால் மரம் வெட்டும் பாதையில் ஒரு நாள் முழுக்க. அதனால் அரசு மானியத்தில் ட்வின் ஓட்டர் ஓடுகிறது. 2007 அக்டோபர் முதல் மாஸ்விங்ஸ் என்ற விமானக் கம்பெனி அதை நடத்தியது, அந்தக் கம்பெனியைச் சரவாக் அரசு வாங்க 2025 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டது.

எடைதான் எல்லாம். ட்வின் ஓட்டர் தரையை விட்டு ஏறும்போது மொத்த எடைக்கு உச்சம் 5,670 கிலோ. எண்ணெயை நிறைத்தால் ஆள் குறைய வேண்டும், ஆளை நிறைத்தால் எண்ணெய் குறைய வேண்டும். பயணியையும் தராசில் நிறுத்துவார்கள். பாரியோ ஆயிரம் மீட்டர் உயரம், காற்று லேசு, இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பலம் குறையும்.

சுங்கை சிப்புட்:
நம் பக்கத்திலிருந்து அந்த உட்பகுதிப் பள்ளிகளுக்கு மாற்றலாகிப் போகும் ஆசிரியர்கள் என்ன செய்ய வேண்டும், ஐயா?

மிரி:
கடினப் பெட்டி வேண்டாம், துணிப்பை. வீட்டிலேயே எடை பார்த்து 10 கிலோவுக்குள் கட்டுங்கள். மற்றதைச் சரக்காக முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அடுப்பு எரிவாயு டப்பா, லைட்டர் எண்ணெய் எதுவும் பையில் கூடாது. காலை விமானமே எடுங்கள், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கை மேகம் மூடினால் பாதி வழியில் திரும்பிவிடும். ஊருக்குத் திரும்பும்போது மிரியில் ஒரு இரவு தங்கிவிட்டுக் கோலாலம்பூர் டிக்கெட் போடுங்கள். ஒரே நாளில் இரண்டையும் கோத்தால் பின்னதன் பணம் போய்விடும்.