இழை: எறிவீரரின் ‘கமாண்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

இல்லினாய் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை எழுதியது:

குழுவினர்க்கு வணக்கம். சிகாகோ கப்ஸ் என்ற பேஸ்பால் அணியின் எறிவீரராக இருந்த கைல் ஹெண்ட்ரிக்ஸின் மைனர் லீக் (பெரிய அணிகளுக்கு இளைஞரைத் தயார்செய்யும் கிளை அணிகள்) காலத்தைப் பற்றி எங்கள் மாணவர்கள் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். டார்ட்மத் கல்லூரியில் படித்த அவரை 2011இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி, அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் எட்டாம் சுற்றில்தான் எடுத்தது. மறு ஆண்டு ஜூலையில், ரயன் டெம்ப்ஸ்டர் என்ற மூத்த எறிவீரரைக் கொடுத்துவிட்டுக் கப்ஸ் பெற்றுக்கொண்ட இரண்டு இளைஞரில் இவர் ஒருவர். 2013இல் டென்னசி, அயோவா ஆகிய இரு கிளை அணிகளிலுமாக 13 வெற்றி, 4 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்தது சராசரியாக 2.00 ஓட்டம். இத்தனைக்கும் அவருடைய வேகப்பந்து மணிக்கு 140 கிலோமீட்டரைச் சுற்றியே இருந்தது. 150ஐச் சாதாரணமாகத் தொடுகிறவர்கள் நிறைந்த ஆட்டத்தில் இது குறைவு.

அவரைக் கரைசேர்த்தது ‘கமாண்ட்’ என்கிறார்கள். ‘கண்ட்ரோல்’ என்பதற்குக் கட்டுப்பாடு என்று போட்டுவிட்டோம். இதற்கு என்ன போடுவது?

சான் ஹொசே பொறியாளர்:

இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது என்பதால் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் தரைப்பலகையான ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேல், அடிப்பவரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியில் பந்தைத் தவறாமல் அனுப்புவது கண்ட்ரோல். அந்த வெளிக்குள் எந்த மூலை என்று நினைத்தாரோ அந்த மூலைக்கே அனுப்புவதும், வேண்டுமென்றே ஓர் அங்குலம் வெளியே விட்டு அடிப்பவரை ஆசைகாட்டி இழுப்பதும் கமாண்ட். அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் கையுறையை ஓரிடத்தில் காட்டுவார். பந்து வந்து சேரும்வரை அந்தக் கையுறை அசையாமல் இருந்தால் எறிந்தவருக்குக் கமாண்ட் இருக்கிறது என்று பொருள். கண்ட்ரோல் இருந்தும் கமாண்ட் இல்லாதவர்கள் ஏராளம். அவர்களுடைய பந்து நடு மையத்தில் போய் நிற்கும், அடிப்பவர் அதை அரங்கத்துக்கு வெளியே அனுப்புவார்.

‘பந்தாளுமை’ என்பது என் பரிந்துரை.

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

ஆளுமை என்ற சொல்லை இன்று ‘பர்சனாலிட்டி’ பிடித்துக்கொண்டது. பந்தாளுமை என்றால் பந்துக்கு ஏதோ குணநலன் இருப்பதாக மாணவர் நினைப்பார். சொல்வன்மை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்க, அதே வழியில் ‘குறிவன்மை’ என்று சொல்வதில் என்ன தடை? வல் என்னும் அடி திறமையைக் குறிப்பது; வல்லவன், வல்லுநர், வில்வல்லான் எல்லாம் அதன் கிளைகள்.

இன்னொன்று. ‘வேகம்’ வடசொல் ஆதலால் வேகப்பந்து என்பதையும் மாற்றலாம். இராமன் வில்லை எடுத்த விரைவைக் கம்பர் “கடுப்பினில் யாரும் அறிந்திலர் கையால், எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்” என்கிறார். கடுப்பு என்பது விரைவு. ‘கடும்பந்து’ அல்லது ‘கடுப்புப்பந்து’ என்று வழங்கலாம்.

சென்னை நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்க உதவி ஆசிரியர்:

ஐயா, “இந்த இளைஞரிடம் போதிய கடுப்பு இல்லை” என்று நாளை நான் தலைப்பிட்டால் அவர் பொறுமைசாலி என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். வன்மைக்கும் இதே இடர்தான். வன்மை, வன்முறை, வன்மம் என்று அடுக்கிப் பழகிய காதுக்குக் குறிவன்மை என்பது முரட்டு வீச்சாகவே கேட்கும். முரட்டு வீச்சு இல்லாத ஒருவரைப் பற்றித்தானே கட்டுரை? கிரிக்கெட் எழுதும்போது நாங்கள் ‘துல்லியம்’ என்று போடுகிறோம், எல்லோருக்கும் புரிகிறது. ‘வீச்சுத் துல்லியம்’ போதாதா?

பேராசிரியர்:

துல்லியம் ‘துல்ய’ என்பதன் திரிபு. சமம் என்பதே அதன் மூலப்பொருள். துலை என்னும் தராசுப் பெயர் தமிழே என்று வாதிடுவோர் உளர், துலாக்கோலையும் ஏற்றத் துலாவையும் சான்றாகக் காட்டுவர். அந்த வழக்கை வேறோர் இழையில் வைத்துக்கொள்ளலாம்.

வன்மை வேண்டாமென்றால் திருக்குறளிலேயே இதைவிட நல்ல வழி இருக்கிறது. 49ஆம் அதிகாரம் காலமறிதல், 50ஆம் அதிகாரம் இடனறிதல். இவர் பெரிதும் நம்பியது ‘சேஞ்ச்அப்’ என்னும் மெதுபந்து என்றறிகிறேன். கை சுழலும் விரைவு மாறாதிருக்கப் பந்து மட்டும் தாமதித்து வருவதால், அடிப்பவர் முந்திக்கொண்டு மட்டையை வீசிவிடுகிறார். அதாவது அவருடைய காலமறிதல் கெடுகிறது. எறிபவரிடம் எஞ்சுவது இடனறிதல். ஆகவே ‘இடனறி வீச்சு’.

பொறியாளர்:

அழகான பொருத்தம், ஐயா. ஆனால் இடத்தை அறிவது வேறு, அந்த இடத்தில் பந்தைச் சேர்ப்பது வேறு. எந்த மூலைக்கு எறிய வேண்டும் என்று மாடியில் உட்கார்ந்து பார்க்கும் எனக்கும்கூடத் தெரியும். அதோடு, வள்ளுவர் இந்த வழக்கில் நம் பக்கம் இல்லை. “கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது” என்று 772ஆம் குறளில் தீர்ப்பே சொல்லிவிட்டார். முயலைத் தப்பாமல் எய்தவனைவிட யானைக்குக் குறிவைத்துத் தவறவிட்டவனையே அவர் மெச்சுகிறார். அமெரிக்கத் தேர்வாளர்கள் பெரும்பாலும் அந்தக் கட்சிதான்: 158 கிலோமீட்டரில் எறிந்து பிளேட்டுக்கு நாலடி தள்ளிப் போடும் பையனை முதல் சுற்றில் எடுப்பார்கள், மூலையைத் தொடுகிறவனை எட்டாம் சுற்றுவரை காக்க வைப்பார்கள். வேகத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது, குறியைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்ததற்கு 2016 சான்று: ஹெண்ட்ரிக்ஸ் 2.13 என்ற சராசரியோடு இரண்டு பெரிய லீக்குகளுக்கும் முதல்வராக வந்தார், ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் கப்ஸுக்காக முதலில் எறியத் தொடங்கியவரும் அவரே.

பேராசிரியர்:

அக்குறள் படைச்செருக்கில் வருவது. மறவனின் மனநிலையைச் சொல்லும் இடத்தை எய்யும் கலைக்கு இலக்கணமாகக் கொள்ளலாகாது.

ஆசிரியை:

நேற்று வகுப்பில் எல்லாச் சொற்களையும் பலகையில் எழுதிக் கேட்டேன். இடனறி வீச்சு என்பதை ஒரு மாணவி ‘இடறி வீச்சு’ என்று படித்தாள், இடறி விழுந்து எறிவதா என்று கேட்டாள். வன்மையை ‘வல்லமை’ என்று மாற்றிக் ‘குறிவல்லமை’ என்று எழுதியபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. பேராசிரியர் ஐயா காட்டிய அடிச்சொல்லும் கெடவில்லை, முரட்டுத்தனமும் ஒலிக்கவில்லை. மைனர் லீக் அமைப்பை இங்கே ‘பண்ணை’ என்று சொல்லும் வழக்கம் இருப்பதால் அதற்கு ‘நாற்றங்கால் அணிகள்’ என்று மாணவர்களே வைத்துக்கொண்டார்கள். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

உதவி ஆசிரியர்:

குறிவல்லமைக்கு என் ஒப்புதல். முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் ‘கமாண்ட்’ என்று தமிழெழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பொறியாளர்:

பந்தாளுமையைத் திரும்பப் பெறுகிறேன்.

பேராசிரியர்:

பெரும்பான்மை அதுவாயின் மலர் அவ்வாறே வெளிவரட்டும். என் கட்டுரைகளில் இடனறி வீச்சு என்றே எழுதுவேன். மாணவி பிழைபடப் படித்தது றன்னகரத்தின் குற்றமன்று. இனி, பிளேட்டுக்கு மேலுள்ள அந்த வெளியைக் குறிக்கும் ‘ஸ்ட்ரைக் ஸோன்’ என்பதை மாணவர் கட்டுரையில் ‘ஸ்ட்ரைக் மண்டலம்’ என்று பாதியில் விட்டிருப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? மண்டலமும் தமிழன்று. அச்சுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதல்லவா?