பழைய செங்கல் சுவர்களில் நிலநடுக்க விரிசல்கள்

கேள்வி: நிலநடுக்கத்துக்குப் பின் சன்னல்களுக்கு இடையிலுள்ள சுவரில் பெருக்கல் குறி போன்ற விரிசல் தோன்றுவது ஏன்? சுவர் வெளிப்புறம் சாய்வது இதைவிட ஆபத்தானதா?

பதில் 1: செங்கல் கட்டுமானம் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவிசையை, அதாவது இழுத்துப் பிரிக்கும் விசையை, தாங்காது. நிலம் மாறி மாறி இரு திசைகளிலும் அசையும்போது சுவரை மூலைக்கு மூலை இழுக்கும் மூலைவிட்ட இழுவிசையும் திசை மாறுவதால், இரு விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

பதில் 2: சாய்வதே பெரும்பாலும் அதிக ஆபத்தானது. தளத்தோடும் கூரையோடும் பிணைக்கப்படாத சுவர் தனித்து ஆடி வெளியே விழுந்துவிடும். எதிரெதிர்ச் சுவர்களை இணைக்கும் இரும்புக் கம்பிகள் இதைப் பெருமளவு தடுக்கும்.

பதில் 3: எடையையும் மறக்க வேண்டாம். 1997இல் இத்தாலியின் அசிசியில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் வளைகூரைப் பகுதிகள் இடிந்து நால்வர் இறந்ததற்கு, அவற்றின்மேல் காலங்காலமாகச் சேர்ந்திருந்த இடிபாட்டுக் குவியலின் எடையும் ஒரு காரணம். கீழிருந்து பார்ப்பவருக்கு அந்தக் குவியல் தெரியவே தெரியாது!