மலேசியத் தாமான் (குடியிருப்பு) குழு: ஃபைபர் அறுந்த அன்னிக்கு வேலை ஓட

[காலை 7:08] 14ஆம் வீட்டு அக்கா: எல்லார் வீட்லயும் வைஃபை போச்சா? மோடத்துல சிவப்பு லைட் எரியுது. 9 மணிக்கு கோலாலம்பூர் ஆபீஸ் மீட்டிங். மத்தியானத்துக்குள்ள சம்பளக் கணக்கு ஏத்தியாகணும்.

[7:11] டவர் தம்பி: சிவப்பு லைட் பக்கத்துல எல்ஓஎஸ்னு போட்டிருக்கா அக்கா? அப்படின்னா ஃபைபர்ல வெளிச்சமே வரல, வெளியில எங்கயோ கேபிள் அறுந்திருக்கு. மோடத்தை எத்தனை தடவ ஆஃப் ஆன் பண்ணாலும் வராது. ரீசெட் ஓட்டைய மட்டும் ஊசியால அழுத்திடாதீங்க. செட்டிங் அழிஞ்சிட்டா, லைன் வந்த பிறகும் ஐடி பாஸ்வேர்ட் இல்லாம வேலை செய்யாது. ரிப்போர்ட் போட்டு நம்பர் வாங்கி இங்க போடுங்க.

[7:14] 14ஆம் வீட்டு அக்கா: சரி. போன் ஹாட்ஸ்பாட்ல மீட்டிங் தாங்குமா?

[7:19] டவர் தம்பி: தாங்கும், ஆனா வைஃபை ஹாட்ஸ்பாட் வேணாம். யூஎஸ்பி வயர்ல லேப்டாப்போட இணைச்சு யூஎஸ்பி டெதரிங் போடுங்க. வேகம் ஆடாது, போனும் சார்ஜ் ஆகும். போன் கவரைக் கழட்டிடுங்க, சூடானா போன் தானே வேகத்தைக் குறைச்சிடும்.

வீடியோ மீட்டிங் மணிக்கு சுமாரா 1 ஜிபி தின்னும். உங்க கேமராவை மூடி, மத்தவங்க படத்தையும் மறைச்சு, குரல் மட்டும் வச்சா 100 எம்பிக்குள்ள அடங்கும். விண்டோஸ்ல அந்த இணைப்பை மீட்டர்டுன்னு (டேட்டாவ அளந்து செலவழிக்கிற இணைப்புன்னு) மாத்துங்க, இல்லாட்டி அப்டேட்டே பாதி டேட்டாவ முழுங்கிடும். சில பிளான்ல ஹாட்ஸ்பாட் டேட்டா தனிக் கணக்கு. ஆப்ல பாத்துக்குங்க.

[7:21] டவர் தம்பி: இன்னொண்ணு. போன்ல வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாவே அழைப்பு பேசுற வசதி, ஆன்ல இருக்கணும். 3ஜி 2021 முடிவோட மூடிட்டாங்க. வோல்ட்டி இல்லாத போன்ல அழைப்பு வந்தா அது 2ஜிக்கு இறங்கும், அந்த நேரம் ஹாட்ஸ்பாட் அறுந்துடும். மீட்டிங் நடுவுல நெட் காணாமப் போறதுக்கு இதுதான் பல தடவ காரணம்.

[7:26] 22ஆம் வீட்டு அங்கிள்: என் போன்ல கோடு ஃபுல்லா இருக்கு, ஆனா ஒரு மெயில் கூட திறக்க மாட்டேங்குது.

[7:31] டவர் தம்பி: கோடு காட்டுறது சிக்னல் பலத்த, வேகத்த இல்ல அங்கிள். இப்ப தாமான் முழுக்க ஒரே டவர்ல தொங்குது. ராத்திரி 8லருந்து 11 வரைக்கும் இன்னும் மோசமாகும், பெரிய ஃபைல் ஏத்துறவங்க விடியக்காலை 6 மணிக்கு முன்னாடி ஏத்துங்க.

ஆண்ட்ராய்டுல *#*#4636#*#* அடிச்சா பல போன்ல உள் விவரம் வரும், ஐபோன்ல *3001#12345#*. அதுல ஆர்எஸ்ஆர்பிங்கிறது டவர் சிக்னல் பலம், மைனஸ் 80, 90ன்னா நல்லது. மைனஸ் 110 தாண்டினா மீட்டிங் விட்டு விட்டுத்தான் வரும். எண் நல்லா இருந்தும் ஊருதுன்னா கூட்டம்தான் காரணம். 5ஜி வந்து வந்து போனா 4ஜி மட்டும்னு பூட்டிடுங்க, ரெண்டுக்கும் நடுவுல தாவுறதுலயே நேரம் போகுது.

போன் வைக்கிற இடமும் முக்கியம். மாடி ஜன்னல்ல, டவர் இருக்கிற பக்கம் பாத்து வைங்க. செம்பனைத் தோட்டம் நடுவுல இருந்தா மழைக்குப் பிறகு ஈர ஓலை சிக்னலை உறிஞ்சும். டவர் அனுப்புற அலைவரிசைல 2600 மெகாஹெர்ட்ஸ்தான் அதுல ரொம்ப அடிபடும், 900 ஓரளவு தாண்டி வரும்.

[7:38] டீச்சர்: என்கிட்ட செல்காம் ஒண்ணு, டிஜி ஒண்ணு, ரெண்டு சிம் இருக்கு. ஒண்ணு போனா ஒண்ணு உதவும்தானே?

[7:42] டவர் தம்பி: நம்பாதீங்க டீச்சர். அந்த ரெண்டு கம்பெனியும் 2022ல இணைஞ்சாச்சு, அதுக்கப்புறம் நெட்வொர்க்கையும் ஒண்ணாக்க ஆரம்பிச்சுட்டாங்க. சின்னச் சின்ன பிராண்டும் பெரிய கம்பெனி டவர்லதான் ஓடும், யாரோடதுன்னு கேட்டு வாங்குங்க. 5ஜியும் டிஎன்பிங்கிற கம்பெனி கட்டின ஒரே நெட்வொர்க்லதான் ஆரம்பிச்சது, ரெண்டாவதுக்கு அனுமதி 2024 நவம்பர்லதான் வந்துச்சு. சிம் ரெண்டு இருந்தா போதாது, டவர் ரெண்டா இருக்கணும். மேக்சிஸோ யூ மொபைலோ ஒரு பிரீபெய்ட் வச்சுக்குங்க. மாசா மாசம் ஒரு தடவ டேட்டா போட்டுப் பாருங்க, அப்பதான் சிம் உயிரோட இருக்கான்னு தெரியும்.

[7:45] 22ஆம் வீட்டு அங்கிள்: ஆன்லைன்ல பூஸ்டர் மலிவா இருக்கே தம்பி, அத மாட்டிடலாமா?

[7:48] டவர் தம்பி: வேணவே வேணாம். அனுமதி இல்லாத பூஸ்டர் வைக்கிறது 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம். அது டவருக்கு இரைச்சலைத் திருப்பி அனுப்பும், பக்கத்து வீட்டுக்கெல்லாம் அழைப்பு கெடும். சிம் போடுற 4ஜி ரூட்டர் வாங்குங்க, அது தப்பில்ல. கூரையில ஆன்டெனா வச்சு 10 மீட்டர் மெல்லிசான ஆர்ஜி58 கேபிள் இழுத்தா, கிடைச்ச சிக்னல்ல பெரும்பகுதி கேபிள்லயே போயிடும். ரூட்டரையே மாடி ஜன்னலுக்குக் கொண்டுபோங்க, கீழ லேன் வயர் இறக்குங்க. லேன் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும்.

[7:52] கடை மாமா: கடைல கார்டு மெஷின் ஓடல. கியூஆர்?

[7:54] டீச்சர்: ஒட்டி வச்சிருக்கிற டுயிட்நவ் கியூஆருக்கு கடை வைஃபை தேவையில்ல மாமா, வாங்குறவங்க டேட்டாவே போதும். பணம் வந்துச்சான்னு உங்க ஆப்லயே பாருங்க, அவங்க காட்டுற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க. மெஷின் வைஃபைல ஓடுறதுன்னா உங்க போன் ஹாட்ஸ்பாட்ல சேத்துடுங்க.

[8:03] 14ஆம் வீட்டு அக்கா: ஸ்டார்லிங்க் போட்டா இந்தத் தொல்லையே இருக்காதா?

[8:09] டவர் தம்பி: அது செயற்கைக்கோள் நெட், 2023லருந்து மலேசியால கிடைக்குது. கேபிளும் வேணாம், டவரும் வேணாம். ஆனா தலைக்கு மேல வானம் திறந்திருக்கணும், ஒரு டுரியான் மரம் மறைச்சாலே விட்டு விட்டு வரும். கனத்த மழையில சில நிமிஷம் போகும். சாதாரண டிஷ் 75லருந்து 100 வாட் இழுக்கும், கரண்ட் போனா சின்ன பேட்டரி தாங்காது. தினமும் வீட்லருந்தே வேலைன்னா யோசிங்க. வருஷத்துக்கு நாலு நாளுக்குன்னா வேற டவர் சிம் போதும்.

[8:15] வயரிங் அண்ணே: கரண்ட் விஷயம் நான் சொல்றேன். ஃபைபர் நல்லா இருந்து வீட்ல மட்டும் கரண்ட் போனா 12 வோல்ட் மினி யூபிஎஸ் உதவும். டப்பால பேட்டரி அளவு 10,400 எம்ஏஎச்னு போட்டிருப்பான், அது 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினா 38 வாட் அவர், மாத்துறப்ப போற நட்டம் கழிச்சா 32. மோடமும் ரூட்டரும் சேந்து 15 வாட் இழுத்தா ரெண்டு மணி நேரம். அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட்ட முதல்ல பாருங்க. 9 வோல்ட் ரூட்டருக்கு 12 கொடுத்தா புகைஞ்சிடலாம். பின்னோட நடுவுல பிளஸ்ஸான்னும் பாருங்க.

[8:21] 14ஆம் வீட்டு அக்கா: யூஎஸ்பி டெதரிங் வந்துடுச்சு. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 94 காட்டுது.

[8:22] டவர் தம்பி: போதும் அக்கா. கணக்கு ஃபைல சிப் பண்ணி ஏத்துங்க. மீட்டிங்குக்கு முன்னாடியே ஏத்திடுங்க, ரெண்டும் ஒண்ணா ஓடினா குரல் வெட்டும்.

[8:30] வயரிங் அண்ணே: சாயங்காலம் இடி வந்தா ஜன்னல்ல வச்ச ரூட்டரோட அடாப்டரையும் லேன் வயரையும் ரெண்டையுமே கழட்டுங்க. ஃபைபர் கண்ணாடி, அது வழியா இடி வராது. கரண்ட் வயர், லேன் வயர் வழியாத்தான் ரூட்டர் எரியும்.