புதுப்பிப்பு: மாடித்தோட்டத்துக்கு விதையா, நாற்றா?

முந்தைய பதிவில் "தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்று, மற்றதெல்லாம் விதை" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அது போதாது.

வெண்டை, முள்ளங்கி, கொத்தவரை, கீரைக்கு நாற்று வாங்குவது வீண் செலவு. முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைத்துக் கோணலாகும். பாகல், புடலை விதையை இரவு முழுக்க ஊறவைத்து, தொட்டியிலேயே 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள்.

மிளகாய்தான் பொறுமையைச் சோதிக்கும். முளைக்கவே 8 முதல் 12 நாள், நடும் பருவம் வர 35 முதல் 40 நாள். நாலைந்து செடி போதுமென்றால் நாற்றே லாபம். நிறைய வேண்டுமானால் குழித்தட்டில் மக்கிய தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை செ.மீ. ஆழம். முளைத்த நாற்று தண்டடி நூலாய் இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல்: நெருக்கமும் அதிக ஈரமும்தான் காரணம். மேல்பரப்பு காய்ந்த பிறகே தண்ணீர் தெளியுங்கள்.

நர்சரியில் பூவோடு நிற்கும் நாற்றைப் பார்த்து மயங்காதீர்கள். வயசானது, நட்டால் வளர்ச்சி மந்தமாகும். 4 முதல் 6 இலை, வெள்ளை வேர் இருந்தால் எடுக்கலாம். இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ இருந்தால் இலைச்சுருள் நோயையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். மாலையில் நடுங்கள். தக்காளியை மட்டும் முதல் இலை வரை புதைக்கலாம், தண்டிலும் வேர் விடும்.