ஊர்ப் பட்டாளக்காரர் கல்லில் அமெரிக்க ராணுவத்தில் இறந்த பையன் பெயரைப் போடலாமா?

கிழக்குவெளி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செக்போஸ்டுக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. இந்த வருஷம் வாயனசாலை (நூலகம்) வாசலில் ஒரு கல் நடலாம் என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது, ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராதவர்கள் பெயர் மட்டும் அதில் இருக்கும். பெரிய பட்டியல் ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனவர் ஒருவர், 71 சண்டையில் ஒருவர், அப்புறம் காஷ்மீரில் ஒருவர். இந்த மூன்று பேரைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நான்காவது பெயரில்தான் தகராறு. ஊரிலிருந்து நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா போன ஒரு குடும்பத்துப் பையன். இங்கே பிறந்து, நம் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டுத்தான் போனான். அங்கே பள்ளி முடித்ததும் ராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் இறந்துவிட்டான். அடக்கமும் அங்கேயே. அவன் அம்மிச்சி (பாட்டி) இன்னும் ஊரில்தான் இருக்கிறார், அவர்தான் கமிட்டிக்காரர்களைக் கூப்பிட்டு "எங்க பையன் பேரும் வருமா சாமி?" என்று கேட்டிருக்கிறார். கமிட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. சிலர் அது வேற்று நாட்டுப் படை, இந்தக் கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். வேறு எங்காவது இப்படிச் செய்திருக்கிறார்களா? உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.

நேர்பேச்சு:

வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அந்தப் பாட்டி மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன். ஆப்கானிஸ்தான் நம் சண்டை இல்லை. வெளிநாட்டுப் பையன்கள் அமெரிக்கப் படையில் சேருவது காலேஜ் ஃபீஸுக்கும் குடியுரிமைக்கும்தான், இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சம்பளத்துக்குப் போனவனுக்கு ஊரில் கல் எதற்கு? இன்றைக்கு இவன் பெயரைப் போட்டால் நாளைக்கு ரஷ்யாவில் செத்தவன் பெயரையும் போடச் சொல்வார்கள். எலக்ட்ரீஷியன் வேலை, பிளம்பர் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போய் உக்ரைன் சண்டையில் மாட்டிக்கொண்டவர்களில் நம் பக்கத்துத் திருச்சூர்க்காரர்களும் உண்டு. ரஷ்யப் படையில் சேர்ந்த இந்தியர்கள் 126 பேர், அதில் 12 பேர் இறந்துவிட்டார்கள் என்று 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகமே சொன்னது. அதையெல்லாம் தியாகம் என்று கல்லில் வெட்டினால் அடுத்த ஏஜென்ட்டுக்கு நாமே விளம்பரம் செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பழைய பட்டாளம்:

தம்பி நேர்பேச்சு, நானும் சம்பளத்துக்குத்தான் போனேன். வீட்டில் மூன்று தங்கைகள், மழை இல்லை, கிணறு வற்றிப்போச்சு, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய் வரிசையில் நின்றேன். வெலிங்டனில் ட்ரெயினிங், மெட்ராஸ் ரெஜிமென்ட். தேசபக்தி எல்லாம் பிறகு, கூட இருக்கிறவனுக்கு அடிபடும்போது தானாக வருவது. சம்பளத்துக்குப் போனவன் பெயர் கூடாது என்றால் உங்கள் கல்லில் ஒரு எழுத்துகூட மிஞ்சாது.

இன்னொன்று. அந்தப் பர்மாக்காரர் எந்தக் கொடிக்குக் கீழே போனார்? பிரிட்டிஷ் ராஜாவின் கொடி. அவருக்கு உடுப்பும் கூலியும் கொடுத்தது வெள்ளைக்கார சர்க்கார். அவர் பெயரைப் போட யாரும் யோசிக்கவில்லை, போட வேண்டியதுதான், நான் தப்புச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஒரு நியாயம், இந்தப் பையனுக்கு ஒரு நியாயமா? அவர் பெயர் ரங்கூனுக்கு வெளியே தவுக்கியான் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறதா என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். அங்கே உடல் கிடைக்காதவர்களின் பெயர்களாகவே கிட்டத்தட்ட 27,000 வெட்டியிருக்கிறார்கள், அதில் மெட்ராஸ் பக்கத்து ஆட்கள் நிறைய.

சரி, இப்போது நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வேறு நாட்டுக்காரன் நமக்காகச் செத்தால் நாம் என்ன செய்கிறோம்? கூர்க்கா ரெஜிமென்ட்களைப் பாருங்கள். 1947இல் பிரிட்டன், இந்தியா, நேபாளம் மூன்றும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தில் பத்து ரெஜிமென்ட்டில் நான்கு பிரிட்டனுக்கு, ஆறு நமக்கு என்று பிரிந்தது. அதில் நேபாளக் குடிமகன்களாகவே இருந்து இந்தியாவுக்காக உயிரை விட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. பென்ஷன் கொடுப்பதற்கென்றே காட்மாண்டு, பொக்காரா, தரான் என்று மூன்று இடத்தில் நம் ராணுவம் ஆபீஸ் வைத்திருக்கிறது. கார்கிலில் செத்த நேபாளிப் பையனை "அவன் நேபாளி" என்று யாராவது தள்ளி வைத்தோமா? மூவர்ணம் போர்த்தித்தானே அனுப்பினோம். (2022இல் அக்னிபத் வந்த பிறகு நேபாளத்திலிருந்து ஆள் எடுப்பது நின்றுபோயிருக்கிறது, அது வேறு வருத்தம், அதை இங்கே இழுக்கவில்லை.)

அதைவிட, குளிர்காலத்தில் பாலக்காட்டிலும் கோயமுத்தூரிலும் ரோட்டோரம் ஸ்வெட்டர் கடை போடுவார்களே திபெத்துக்காரர்கள், அவர்கள் ஆட்களைக் கொண்டே ஒரு படை இருக்கிறது. 1962இல் சீனச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே ஆரம்பித்தது, பெயர் ஸ்பெஷல் ஃப்ரான்டியர் ஃபோர்ஸ், எஸ்டாப்ளிஷ்மென்ட் 22 என்றும் பெயர் உண்டு, அதனால் நாங்கள் 'டூ டூ' என்போம். அகதியாக வந்தவர்கள், பெரும்பாலோருக்கு இந்தியக் குடியுரிமைகூடக் கிடையாது. 1971இல் இன்றைய வங்கதேசத்துச் சிட்டகாங் மலைக்காட்டில் இறங்கிச் சண்டை போட்டு ஐம்பதுக்கு மேல் ஆட்களை இழந்தார்கள். ரகசியப் படை என்பதால் வெளியே சொல்லவும் இல்லை, ஊரறியப் பதக்கமும் இல்லை. அப்புறம் 2020 ஆகஸ்ட் கடைசியில் லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் 62 சண்டையில் புதைத்த பழைய கண்ணிவெடி வெடித்து நீமா டென்சின் என்பவர் இறந்தார். லேயில் நடந்த இறுதிச் சடங்கில் அவர் பெட்டி மேல் இந்தியக் கொடி, திபெத்தியக் கொடி இரண்டும் இருந்தன. ஐம்பத்தெட்டு வருஷம் ஆயிற்று தம்பி, அந்தப் படையை வெளிச்சத்தில் வைத்து மரியாதை செய்ய. இரண்டு கொடி போர்த்தியதால் நம் கொடிக்கு என்ன குறைந்துவிட்டது?

டாலஸ் சித்தி:

நான் வண்ணாமடைக்காரி, இப்போது டெக்சாஸில் ஆஸ்பத்திரி வேலை. நம்மூர்ப் பேச்சில் கொஞ்சம் தெளிவில்லாமல் இருப்பதால் இங்கே முறை எப்படி என்று எழுதுகிறேன்.

சிப்பாயாகச் சேர கிரீன் கார்டு இருந்தால் போதும், ஆபீசர் ஆகத்தான் குடியுரிமை கட்டாயம். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பணியில் இருப்பவர்கள் வருஷக் கணக்கில் காத்திருக்காமல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2002 ஜூலையில் புஷ் உத்தரவு போட்டார். பிறகு ஒபாமா வரும் சமயத்தில் மாவ்னி என்று ஒரு திட்டம் வந்தது, கிரீன் கார்டுகூட இல்லாமல் ஸ்டூடன்ட் விசாவில் இருந்தவர்களையே எடுத்தார்கள், டாக்டர் நர்ஸ் அல்லது அவர்களுக்குத் தேவையான பாஷை தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாஷைப் பட்டியலில் தமிழும் இருந்தது, மலையாளமும் இருந்தது. நம் பாலக்காட்டுப் பையன்களுக்கென்றே எழுதிய மாதிரி! 2016இல் அதை நிறுத்திவிட்டார்கள், நடுவில் மாட்டிக்கொண்டு விசாவும் போய் வேலையும் வராமல் தவித்தவர்கள் ஏராளம்.

இறந்த பிறகு குடியுரிமை கொடுக்க 1990லிருந்தே சட்டம் இருக்கிறது. குடும்பத்தார் இரண்டு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். கேட்டால் இறந்த தேதியிலிருந்து அவர் குடிமகன் என்று ஒரு சான்றிதழ் வரும். முன்பெல்லாம் அது வெறும் காகிதம், அதை வைத்துத் தாய் தகப்பன் ஒரு விசாகூட வாங்க முடியாது. ஈராக் சண்டை தொடங்கிய வருஷம், 2003 நவம்பரில்தான் சட்டத்தைத் திருத்திக் குடும்பத்துக்கும் பலன் கிடைக்கச் செய்தார்கள். அதற்குக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் ஹோசே அன்டோனியோ குட்டியரஸ். குவாதமாலாவில் அநாதையாகத் தெருவில் வளர்ந்தவர், சரக்கு ரயில் மாறி மாறி ஏறி மெக்சிகோ வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். 2003 மார்ச் 21, சண்டை தொடங்கிய உடனேயே ஈராக்கில் உம் கசர் பக்கத்தில் இறந்தார், அமெரிக்கத் தரப்பில் முதலில் விழுந்தவர்களில் அவர் ஒருவர். அதுவும் கூட இருந்தவர்கள் சுட்ட குண்டு என்று பிறகு தெரிய வந்தது. குடியுரிமை கொடுத்தார்கள், உடல் குவாதமாலாவுக்கே போய்ச் சேர்ந்தது. பிறந்த ஊரும் விடவில்லை, போன ஊரும் விடவில்லை என்பதற்கு இவரைத்தான் சொல்வேன்.

பாகிஸ்தான் குடும்பத்து ஹுமாயுன் கானையும் சொல்ல வேண்டும். துபாய்ப் பக்கம் பிறந்து மேரிலாந்தில் வளர்ந்தவர், கேப்டன். 2004 ஜூனில் ஈராக்கில் பகூபா முகாம் வாசலில் சந்தேகமாக ஒரு டாக்ஸி வந்தபோது தன் ஆட்களைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் முன்னே நடந்தார், வண்டி வெடித்துவிட்டது. ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் 60ஆம் பிரிவில் அவர் கல் இருக்கிறது, மேலே பிறை போட்டிருக்கும். நான் நேரில் பார்த்திருக்கிறேன். சிலுவை, பிறை, தாவீதின் நட்சத்திரம் எல்லாம் ஒரே அளவுக் கல்லில் வரிசையாக இருக்கும்.

ஆனால் இந்த நாட்டைத் தூக்கி வைத்துப் பேச நான் வரவில்லை. குடியுரிமை வாங்காமல் விட்ட பழைய சிப்பாய்கள் ஏதோ கேஸில் மாட்டினால் மெக்சிகோ மாதிரி பிறந்த நாட்டுக்கே நாடு கடத்திவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு உயிரோடு திரும்பி வர அனுமதி கிடைப்பதில்லை. செத்தால் ராணுவக் கல்லறையில் மரியாதையோடு அடக்கம் செய்ய உரிமை உண்டு. இதற்கு என்ன சொல்ல?

கிழக்குவெளி தம்பி, ஒன்றை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். அந்தப் பையன் இறக்கும்போது கிரீன் கார்டா, சிட்டிசனா?

கிழக்குவெளி:

இன்று அவன் மாமாவிடம் கேட்டேன் சித்தி. கிரீன் கார்டுதான். மனு கொடுத்திருந்தான், ஆனால் முடிவு வருவதற்குள் அவனை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பிவிட்டார்கள். குடியுரிமைச் சான்றிதழ் இறந்த பிறகு வந்திருக்கிறது. அதை ஃப்ரேம் போட்டு இங்கே அம்மிச்சி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள், அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

பழைய பட்டாளம்:

அப்படியானால் உயிரோடு இருந்த கடைசி நாள் வரை அவன் கையில் இருந்தது நம் பாஸ்போர்ட்தானே? அசோகச் சக்கரம் போட்டது. இனி கமிட்டியில் யார் என்ன பேசப் போகிறார்கள்?

நேர்பேச்சு:

பாஸ்போர்ட் விஷயம் எனக்குத் தெரியாது, அது கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. கூர்க்கா உதாரணம் முழுக்கப் பொருந்தாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன் அண்ணா, அது அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு நடப்பது, இவன் தன்னிஷ்டத்துக்குப் போனவன். திபெத்துக்காரர்கள் கதைக்கு என்னிடம் பதில் இல்லை.

என் பயம் வேறு. கல்லில் 'நாட்டுக்காக' என்று பொதுவாக ஒரு வரியை வெட்டி நான்கு பேரையும் அதன் கீழே போட்டால், வாசிக்கிற பிள்ளைக்கு எந்த நாடு, எந்தச் சண்டை, அது நியாயமா இல்லையா என்று ஒன்றுமே தெரியாது. பெயரைப் போடுங்கள், ஆனால் அமெரிக்க ராணுவம், ஆப்கானிஸ்தான் என்று ஒளிக்காமல் வெட்டுங்கள். பர்மாக்காரருக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படை என்றே போடுங்கள். அப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உளிச்சத்தம்:

கருங்கல்லில் எழுத்து வெட்டுகிறவன் நான், கோபாலபுரம் பக்கம். பேச்சு நல்லபடியாகப் போவதால் வேலை விஷயமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், இடம், எந்தப் படை, இவ்வளவு போதும். பதவியைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டுப் பெயரைச் சின்னதாக வெட்டச் சொல்லி வருவார்கள், செய்யாதீர்கள். காமன்வெல்த் கல்லறைகளில் ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது ஆரம்பத்திலிருந்தே விதி. அந்த ஆணையமே ஆசிய, ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் விஷயத்தில் அந்த விதியை மீறிவிட்டது என்று 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர்கூட எங்கேயும் எழுதவில்லை, அது மூன்றரை லட்சம் வரை போகலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். வெள்ளைக்கார ஆணையமே செய்த அநியாயத்தை நாம் ஒரு நாலடிக் கல்லில் செய்ய வேண்டாம்.

தமிழ், மலையாளம் இரண்டிலும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் பஞ்சாயத்தில் அதற்கொரு சண்டை வரும். கொடி எதுவும் வேண்டாம், வெயிலில் கலர் நிற்காது. இறந்த வருஷ வரிசையில் போட்டால் யார் முதலில் என்ற பேச்சும் எழாது, பையன் தானாகக் கடைசியில் வந்துவிடுவான். கீழே நாலு விரல் இடம் விட்டு வையுங்கள்.

டாலஸ் சித்தி:

கல்லுக்கு என் பங்கு அனுப்புகிறேன், கமிட்டி கணக்கு விவரம் தனிச் செய்தியில் தாருங்கள். பெயரை வெட்டுவதற்கு முன் அவன் அம்மா அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அம்மிச்சி கேட்டது சரி, ஆனால் இங்கே பிள்ளையை இழந்த பெற்றோர் சிலர் ராணுவம் என்ற பேச்சையே காதில் வாங்க மாட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும், கமிட்டி அப்புறம் வாதாடக் கூடாது.

கிழக்குவெளி:

நியாயம் சித்தி. இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா அவர்களை வீடியோ காலில் கூப்பிடுகிறார், நானும் கூட இருப்பேன். நேர்பேச்சு சொன்னபடி ஒவ்வொரு பெயருக்கும் படையையும் இடத்தையும் சேர்த்து வாசகம் எழுதிக் கமிட்டி முன் வைக்கிறேன். பர்மாக்காரரின் படை எண் யார் வீட்டிலாவது பழைய பென்ஷன் காகிதத்தில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைத்தால் இங்கே போடுகிறேன், பழைய பட்டாளம் அண்ணா கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும்.