தாத்தாவின் பர்மா பதக்கம்: இம்பால் சண்டையில் இருந்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உசிலம்பட்டி_பேரன்:
போன மாதம் எங்கள் அப்பத்தா தவறிவிட்டார்கள். பரணை ஒழித்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றிய ஒரு வெண்கல நட்சத்திரம் கிடைத்தது. ஆறு முனை, ஆங்கிலத்தில் பர்மா ஸ்டார் என்று எழுத்து, எலி கடித்தது போக மிஞ்சிய ரிப்பனில் கருநீலம், நடுவில் சிவப்பு. தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரில் இன்றைக்கும் எங்கள் வீடு பட்டாளத்தார் வீடுதான். ஆனால் அவர் சண்டையைப் பற்றிச் சொன்னதாக வீட்டில் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: ஓயாத மழை, ரோடு போட்டது, பாலம் கட்டியது. ஊர் திரும்பியபோது காமாலைக்காரர் மாதிரி மஞ்சளாக இருந்தாராம், அது அப்பத்தா சொன்னது. சித்தப்பாவோ கல்யாண வீடு, காதுகுத்து எங்கு போனாலும் "ஜப்பான்காரனை இம்பாலில் விரட்டியவர்" என்று அளக்கிறார். ரோடு போட்டவர் எப்படி விரட்டியிருப்பார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலம்_ஹவில்தார்:
ரோடு போட்டவர் என்று அவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள் தம்பி. அவர் அநேகமாக மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பட்டாளத்துக்கு ரோடு, பாலம் போடும் பொறியாளர் படை, பெங்களூரில் இருக்கும் இன்றைய எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்). நானும் அங்கே இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஆட்களுக்குப் பட்டாளத்தில் பட்டப்பெயரே தம்பிதான்.

1944 மார்ச்சில் ஜப்பானின் பதினைந்தாவது ராணுவம் பர்மாவின் சிண்ட்வின் ஆற்றைத் தாண்டி, இம்பால் இருக்கும் மணிப்பூருக்குள் நுழைந்தது, தளபதி முட்டாகுச்சி. ஏறத்தாழ மூன்று வாரச் சாப்பாட்டோடு வந்தார்கள், அதற்குள் இம்பால் கிடங்குகளைப் பிடித்துவிடலாம் என்று கணக்கு. கிடங்கு கிடைக்கவில்லை, மழைக்காலம்தான் வந்தது. இந்தப் பக்கம் கோஹிமா ரோடு அறுந்து, இம்பாலுக்கு அரிசி முதல் குண்டு வரை சுமார் மூன்று மாதம் விமானத்தில்தான் வந்தது. ஜூன் 22ல்தான் ரோடு திறந்தது. ஜப்பான் பக்கம் செத்தவர்கள் 30,000 அளவில், அதில் குண்டடிபட்டவர்களைவிடப் பசியிலும் நோயிலும் போனவர்கள் அதிகம்.

அந்த மழையில் ரோடு இல்லையென்றால் முன்னால் இருப்பவனுக்குச் சோறும் இல்லை, குண்டும் இல்லை. கண்ணிவெடி எடுப்பது, பாலம் போடுவது எல்லாம் சாப்பர் வேலை, சமயத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியும் தூக்க வேண்டும். டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிண்ட்வின் ஆற்றின் மேல் போட்ட பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களைக் கோத்துச் சட்டென்று போடுவது) 1,154 அடி, அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம்.

மஞ்சளுக்குக் காரணம் காமாலை இல்லை, மலேரியாவுக்குத் தினமும் கொடுத்த மெபாக்ரின் மாத்திரை. தோல் மஞ்சளாகிவிடும். 1943ல் காயம்பட்டு ஒருவன் பின்னால் போனால் நோயில் 120 பேர் போனார்கள், அதனால் கட்டாயமாக விழுங்க வைத்தார்கள்.

சிப்பாய் எண் இருந்தால் பெங்களூர் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். எண் தெரியாவிட்டால் பதக்க விளிம்பு, டிஸ்சார்ஜ் புத்தகம் இரண்டையும் பாருங்கள்.

கோரிப்பாளையத்தான்:
மதுரை ஜில்லாவில் பர்மா போன எல்லோர் வீட்டுத் தாத்தாவும் இம்பாலில்தான் இருந்திருக்கிறார் 😀 அந்தப் பதக்கம் 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரைக்கும் பொது. 42ல் ரங்கூனிலிருந்து பின்வாங்கி நடந்தவருக்கும் அதுதான், பர்மாவின் மேற்குக் கரையில் அரக்கானில் இருந்தவருக்கும் அதுதான். பதக்கத்தை மட்டும் வைத்து இம்பால் என்று சொல்ல முடியாது.

மேலூர்_பேத்தி:
எங்கள் வீட்டிலும் இதே இம்பால் கதைதான், ஆனால் எதிர்ப்பக்கம். அம்மாச்சியின் அண்ணன் மலாயாவில் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர், அங்கிருந்து நேதாஜி படையில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார். இம்பாலில் சண்டை போட்டார் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, இம்பால் பக்கம் போன ஐ.என்.ஏ. ஆட்களில் பெரும்பாலோர் சிங்கப்பூரில் சரணடைந்த பழைய பட்டாளத்தார்கள். தோட்டத்திலிருந்து சேர்ந்த தமிழர்கள் பலர் அதே படையின் நேரு பிரிகேடில் இருந்தார்கள், அவர்கள் சண்டை 1945 பிப்ரவரியில் ஐராவதிக் கரையில், நியாங்கு பக்கம். தாத்தா ஆறு ஆறு என்று சொன்னது அதனால்தான். நாங்கள் பேரன் பேத்திகள் எல்லாம் வைகை ஞாபகத்தில் பேசுகிறார் என்று நினைத்தோம்!

பிடிபட்டபோது அவரைச் சோதித்த சிப்பாய் தமிழில் "எந்த ஊருப்பா?" என்று கேட்டானாம். இவர் மேலூர் என்றதும் ஒன்றும் பேசாமல் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டானாம். சண்டையைப் பற்றி இவ்வளவுதான் சொல்வார், அந்த பிஸ்கட் கல் மாதிரி இருந்தது என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்வார். தியாகி பென்சனுக்கு அலைந்து, காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பியது தனிக்கதை, விடுங்கள்.

உசிலம்பட்டி_பேரன்:
எல்லோருக்கும் நன்றி. பதக்க விளிம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன், ஒன்றும் இல்லை. (ஐயா, பழைய பதக்கத்தைத் தேய்க்கக் கூடாது என்று இப்போதுதான் படித்தேன், திட்டாதீர்கள்.) ஆனால் பெட்டி மூடியின் உட்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண்ணும் தாத்தா பெயரும் இருக்கிறது, இத்தனை வருடம் யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசி இலக்கம் 3ஆ 8ஆ தெரியவில்லை, இரண்டையும் போட்டு எழுதலாமா? சித்தப்பாவிடம் இம்பால் இன்னும் உறுதி இல்லை என்று சொன்னேன், இரண்டு நாளாகப் பேசவில்லை.

திருமங்கலம்_ஹவில்தார்:
இரண்டையும் போடுங்கள். அவருடைய அப்பா பெயர், கிராமம், அந்தக் காலத்துத் தாலுகா மூன்றையும் கூடவே எழுதுங்கள்.